"விடுதலை" என்னும் சொல்லின் பொருள்



சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துபோன பிறகு, ஒரு தாய் கோயில் வாசலில் தயங்கி நின்றாள். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். கண்மாய் மடையைத் திறப்பதில் ஏற்பட்ட சச்சரவில் அவளுடைய மகனும் வேறு நாலு வாலிபரும் ஒரு அடிதடி வழக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மூன்று வருஷம் வாய்தாவுக்கு வாய்தா அலைந்தார்கள். கடைசியில் புகார் கொடுத்தவரே மனம் மாறி, தம்மை அடித்தது யாரென்று தெரியாது என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டார். ஐந்து பேருக்கும் விடுதலை ஆயிற்று.

"சாமி, கோர்ட்டிலே விடுதலைன்னு சொல்லிட்டாங்க. ஆனா போலீஸ் வேலைக்கு எழுதிப் பாசான பிள்ளையை, கேஸ் இருந்ததுன்னு எடுக்கலை. பொண்ணு கேட்டுப் போன இடத்திலேயும் கேஸ் ஆன பையன்னு தட்டிக் கழிக்கிறாங்க. அப்போ விடுதலைன்னா என்னதான் சாமி அர்த்தம்?" என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று சரியான விடை சொல்லவில்லை. அதைவிட எனக்கு வெட்கமாயிருந்தது வேறொன்று. அந்தப் பையன் ஜாமீனில் வந்த சமயம் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்த நான், விடுதலையானபோது போகவில்லை. வழக்கு வந்ததை ஊர் முழுவதும் ஒரே இரவில் அறிந்தது. விடுதலையானதை விசாரித்தவர் எவருமில்லை. ஆகையால் எனக்கும் உங்களுக்கும் சேர்த்தே இந்த வாரப் பாடத்தை எழுதுகிறேன்.

1. கோர்ட்டில் இந்தச் சொல் எத்தனை விதமாய் வழங்குகிறது?

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் "விடுதலை ஆகிவிட்டது" என்கிறோம். சட்டத்தில் அப்படியல்ல.

முதலாவது, ஜாமீன். இது விடுதலையே அல்ல. விசாரணைக்குத் தவறாமல் வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே விடப்படுவது மாத்திரமே. ஜாமீனில் வந்தவனுக்கு மாலை போட்டு வெடி வெடிப்பதும் தவறு. அவனைக் குற்றவாளி என்று முத்திரை குத்துவதும் தவறு. வழக்கு இன்னும் பேசப்படவே இல்லை.

இரண்டாவது, விடுவிப்பு. போலீசார் கொடுத்த குற்றப்பத்திரிகையைப் படித்துப் பார்த்த நீதிபதி, விசாரணை நடத்தும் அளவுக்கு இதில் ஆதாரம் இல்லை என்று கண்டு, சாட்சி விசாரணை தொடங்குமுன்பே ஒருவரை வழக்கிலிருந்து நீக்கிவிடுவது இது. ஆனால் இது முழு விடுதலை ஆகாது. பின்னால் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடியும் வழக்கு வரக்கூடும்.

மூன்றாவது, விடுதலை. விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பாவது. இப்படித் தீர்ப்புப் பெற்றவர்மேல் அதே குற்றத்துக்காக இரண்டாம் முறை வழக்குத் தொடர முடியாது. 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு இவ்விதம் சொல்லிற்று. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337ஆம் பிரிவும் அதையே சொல்லுகிறது. மேல்முறையீடு வேண்டுமானால் செய்யலாம்; புது வழக்குப் போட முடியாது.

இந்த மூன்றாவதிலும் வேறுபாடு உண்டு. சாட்சிகளை முழுதும் விசாரித்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று நீதிபதி எழுதுவது ஒன்று. ஆதாரம் ஓரளவு உண்டு, ஆனால் ஐயம் தீரவில்லை, ஆகையால் சந்தேகத்தின் பலனை எதிரிக்குத் தருகிறேன் என்று எழுதுவது மற்றொன்று. சாட்சிகள் பிறழ்ந்துபோனதால் வழக்கு விழுந்தது என்பது இன்னொன்று. நம் ஊர்க் கோர்ட்டுக் காகிதங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்றே எழுதுவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "எதிரி விடுதலை செய்யப்படுகிறார்" என்று தீர்ப்பு முடியும். "இவர் நிரபராதி" என்று முடிவது அபூர்வம். ஏனெனில் கோர்ட்டின் முன் வைக்கப்படும் கேள்வி இவர் நல்லவரா என்பதன்று. இந்தக் குற்றம் சந்தேகமின்றி நிரூபிக்கப்பட்டதா என்பதே அங்கே கேள்வி.

"கௌரவ விடுதலை" என்று வக்கீல்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முழுதும் களங்கம் நீங்கினவர் என்பது இதன் கருத்து. வியப்பு யாதெனில், இந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் காவல் துறையைச் சேர்ந்த ஒருவருடைய வேலை பற்றிய வழக்கில், 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதை விளக்கிற்று. கௌரவ விடுதலை என்பது நடைமுறைச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் இல்லாத சொல். தீர்ப்புகள் வழியாகவே வழக்கத்துக்கு வந்தது. சாட்சியத்தை முழுதும் ஆராய்ந்து, அரசுத் தரப்பு தோற்றது என்று கண்டபோதுதான் அதைச் சொல்லலாம் என்பது அந்த விளக்கம். அந்த வழக்கில் புகார் கொடுத்தவர்கள் பிறழ்ந்தமையால் வந்த விடுதலையை, நீதிமன்றம் கௌரவ விடுதலையாக ஏற்கவில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. காவலர் தேர்வைப் பற்றிய தமிழ்நாட்டு விதியில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலை பெற்றவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தாய் நினைத்தாள், மகனை ஒரு சொல் காப்பாற்றிவிட்டது என்று. அந்தச் சொல்லுக்கு எத்தனை படி உண்டு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2. தமிழ்நாடு அறிந்த இரண்டு வழக்குகள்

கோர்ட்டு விடுவித்தாலும் உலகம் விடுவதில்லை என்பதற்கு இரண்டு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் "இந்து நேசன்" என்ற பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலைக்குச் சதி செய்ததாக, அக்காலத்தில் நாடெங்கும் புகழ்பெற்றிருந்த எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டனர். விசாரணையில் நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்து அப்பீலும் தள்ளுபடியாயிற்று. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, மறுபடி சென்னைக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. அதற்குப் பின் கிருஷ்ணன் மீண்டும் பேர் பெற்றார். பாகவதருக்கு அந்தப் பழைய நாள் திரும்பவில்லை. சிறைக்குப் போகுமுன் வந்த "ஹரிதாஸ்" வருஷக்கணக்கில் ஓடிற்று. வெளியே வந்தபின் எடுத்த படங்கள் அப்படி ஓடவில்லை. 1959 நவம்பர் 1 அன்று அவர் காலமானார். இன்றும் நம் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பாட்டுக்கு அடுத்தபடி "கொலைக் கேசில் ஜெயிலுக்குப் போனவர்" என்கிறார்கள். "விடுதலையானவர்" என்று சேர்த்துச் சொல்பவர் எத்தனை பேர்?

இரண்டாவது, நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனுடைய வழக்கு. ராக்கெட்டு ரகசியங்களை அந்நியருக்கு விற்றார் என்று குற்றஞ்சாட்டி, 1994 நவம்பர் 30 அன்று கேரளத்தில் அவரைக் கைது செய்தார்கள். ஐம்பது நாள் சிறையில் இருந்தார். 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, இக்குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அறிக்கை கொடுத்தது. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு அதை ஏற்று அவரை விடுவித்தது. ஆனாலும் வழக்கை மறுபடி கிளற முயற்சி நடந்தது. அதை 1998இல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. அதன் பின்னும் அவர் ஓயவில்லை. வழக்கு இல்லை என்றால் போதாது, என் பேர் எனக்கு வேண்டும் என்று கோர்ட்டு ஏறி இறங்கினார். 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், அவரைக் கைது செய்தது தேவையற்றது என்று கண்டு, ஐம்பது லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. 2019இல் அவருக்குப் பத்மபூஷண் அளிக்கப்பட்டது. கைதான நாளிலிருந்து பேரைத் திரும்பப் பெறும்வரை ஏறக்குறைய இருபத்து நாலு வருஷம் கழிந்தது. படித்தவர், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அவருக்கே இந்தப் பாடு. தறியிலும் கரிசல் காட்டிலும் பாடுபடுகிற நம்மவன் எந்தக் கோர்ட்டுக்குப் போய்ப் பேரைக் கேட்பான்?

தீர்ப்பையே காணாமல் போனவர்களும் உண்டு. திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமியை, 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்தார்கள். அவர் தம்மேல் சாட்டப்பட்டதை மறுத்தார். விசாரணை தொடங்குமுன்பே, 2021 ஜூலை 5 அன்று, மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில், கைதியாகவே, தமது 84ஆம் வயதில் மரித்தார். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவரே என்று சட்டம் கொள்கிறது. இப்படிப்பட்டவர்களுடைய பேரை அந்த நினைவோடு உச்சரிப்பது நம்முடைய கடமை.

3. வேதாகமம் காட்டும் இரு காட்சிகள்

தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாளின் சரித்திரம் இருக்கிறது. இரண்டு முதியோர், தங்கள் துர் இச்சைக்கு அவள் இணங்காததால், அவள்மேல் விபசாரப் பழி சுமத்தினார்கள். சபையார் நம்பிவிட்டார்கள். அவளைக் கொல்ல நடத்திப்போகும் வழியில், தானியேல் என்ற வாலிபன் தடுத்து நிறுத்தி, அந்த இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்டான். ஒருவன் ஒரு மரத்தைச் சொன்னான், மற்றவன் வேறொரு மரத்தைச் சொன்னான். பொய் வெளியாயிற்று. குறுக்கு விசாரணை என்று இன்று வக்கீல்கள் செய்வது இதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சரித்திரம் முடியும் விதம். சபையார் எல்லாரும் உரத்த குரலில் கடவுளை ஸ்துதித்தார்கள். அவளைப் பெற்றவர்களும், புருஷனும், உற்றார் உறவினரும், அவளிடத்தில் இழிவான காரியம் ஒன்றும் காணப்படவில்லை என்று தேவனுக்கு நன்றி செலுத்தினார்கள். எந்தச் சபை அவளைக் குற்றவாளி என்று நம்பிற்றோ, அதே சபை எல்லாரும் கேட்க வாய் திறந்தது. கௌரவ விடுதலை என்றால் இதுதான். அதைக் கொடுத்தது தானியேலின் கேள்வி மாத்திரமன்று; அந்த ஊராரின் வாயும் சேர்ந்தே கொடுத்தது.

இரண்டாம் காட்சி பெரிய வெள்ளிக்கிழமையில் நாம் தியானிப்பது. போஞ்சு பிலாத்து சேசுநாதரை விசாரித்து, இவரிடத்தில் குற்றம் காணவில்லை என்று மூன்று தரம் சொன்னதாக அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். ஆயினும் அவரைச் சிலுவைக்குக் கையளித்தான். அன்றே பரபாஸ் என்ற கொலைகாரன் கட்டவிழ்த்து விடப்பட்டான். குற்றமற்றவர் என்ற சொல் ஒருவருக்குக் கிடைத்தது. விடுதலை மற்றவனுக்குக் கிடைத்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்று அறிய, இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. பரபாஸ் வீட்டுக்குப் போனான் என்பதால் அவன் கைகள் சுத்தமாகிவிடவில்லை. நமது ஆண்டவர் சிலுவையில் அறையுண்டார் என்பதால் அவரிடத்தில் மாசு உண்டாகிவிடவில்லை.

4. எட்டாம் கட்டளை நம்மிடம் கேட்பது

பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை, கோர்ட்டுக் கூண்டுக்கு மாத்திரம் உரியதென்று நினைக்க வேண்டாம். டீக்கடைப் பெஞ்சிலும், குழாயடியிலும், கைபேசியிலும் அது நம்மைத் தொடருகிறது. இதற்கு விரோதமாய் மூன்று பாவங்களைத் திருச்சபை பிரித்துக் காட்டுகிறது. போதிய காரணமின்றிப் பிறரைக் குற்றவாளி என்று மனதுக்குள் தீர்ப்பிடுவது ஒன்று. இல்லாததைச் சொல்லிப் பேரைக் கெடுக்கும் அவதூறு ஒன்று. உள்ளதே ஆனாலும், மறைந்திருக்கும் குற்றத்தைத் தக்க முகாந்தரமின்றி வெளிப்படுத்தும் புறணி ஒன்று.

"நான் பொய்யா சொன்னேன்? அவன்மேல் கேஸ் இருந்தது உண்மைதானே?" என்று சிலர் கேட்பீர்கள். கேஸ் இருந்தது உண்மை. அது விடுதலையானதும் உண்மை. பாதி உண்மையை மாத்திரம் சொல்லி மற்றப் பாதியை மென்று விழுங்கினால், கேட்கிறவன் மனதில் விழுவது பொய்தான்.

திருடின பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் பாவசங்கீர்த்தனம் முற்றுப்பெறாது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். பேரும் அப்படியே. இதைப் பற்றி அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தெளிவாய்ப் போதித்திருக்கிறார். பொய் சொல்லிப் பேரைக் கெடுத்தவன், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு திருப்பித் தரவேண்டும். உண்மையே ஆயினும் அநியாயமாய் வெளிப்படுத்தினவன், பொய் சொல்லாமலே, தான் பேசினது தகாது என்று சொல்லி, தன்னால் இயன்றமட்டும் அந்தப் பேரைத் தூக்கி நிறுத்தவேண்டும். கண்மாய்க்குள் சீமைக் கருவேல விதையைப் போடுவது ஆட்டுக்கும் எளிது; முளைத்துப் படர்ந்தபின் வேரோடு பிடுங்க எத்தனை ஆள் வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஆயினும், கஷ்டம் என்பதால் கடமை இல்லையென்று ஆகாது.

இது நிற்க. மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பாடம் அரைகுறையாகும். உண்மையில் அடித்தவன், திருடினவன், பெண்ணை அவமானப்படுத்தினவன், சாட்சி பிறழ்ந்ததால் தப்பினால், அவன் பரபாஸைப் போல வெளியே வந்தவனே. கோர்ட்டு விடுதலை பாவப் பொறுத்தல் அல்ல. கோர்ட்டில், குற்றம் செய்யவில்லை என்கிறவனுக்கு விடுதலை கிடைக்கக்கூடும். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலோ, நான் செய்தேன் என்கிறவனுக்கே மன்னிப்பு. அங்கே அவன் முழந்தாட்படியிடவும், துன்பப்பட்டவருக்கு நஷ்டத்தை ஈடுசெய்யவும் கடமைப்பட்டிருக்கிறான். அவனால் காயப்பட்டவர் நம்முடைய பங்கிலேயே இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். அவரை வாயடைக்கச் செய்வது சமாதானமல்ல.

5. வீட்டில் செய்ய வேண்டியவை

வழக்கு முடிந்த வீட்டார் தீர்ப்பின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதிலே விடுவிப்பு என்றிருக்கிறதா, விடுதலை என்றிருக்கிறதா, என்ன காரணத்தால் என்று வக்கீலிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

சமாதானம் செய்ய விரும்பினால், சாட்சியை மாற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள். சத்தியம் செய்து பொய் சொல்லுவது சாவான பாவம். சிறு காயம் போன்ற சில குற்றங்களில் ராஜியாகப் போகச் சட்டமே இடம் தருகிறது. அந்த ராஜிக்கு விடுதலையின் பலனும் உண்டு. ஆனால் அரசு வேலைக்கு எடுக்கிறவர்கள் அதையும் விசாரிப்பார்கள் என்பதை முன்னமே அறிந்து செய்யுங்கள்.

வேலைக்கு மனுப் போடும் வாலிபர்களே, வழக்கு இருந்ததா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில் இது பற்றி நெறிமுறை வகுத்தது. கொடுக்கும் தகவல் உண்மையாயிருக்க வேண்டும், விடுதலையான வழக்கையும் மறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். வழக்கினால் போன வேலையைவிட, மறைத்ததால் போன வேலை அதிகத் துக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கண்மாய்க் கரையிலும் திருவிழாப் பந்தலிலும் கை நீட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். ஒரு மாலை நேரத்துக் கோபத்துக்கு மூன்று வருஷ வாய்தா, அதற்குமேல் ஒரு ஆயுள்காலத்துப் பேச்சு.

இனி, நம் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தில் உங்கள் தெருவில் வழக்கு முடிந்து விடுதலையான வீடு ஏதாவது உண்டா என்று நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டு வாசற்படி ஏறி, "கேள்விப்பட்டோம், சந்தோஷம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்களைப் பற்றி முன்பு எங்கே பேசினீர்களோ, அதே இடத்தில் இதையும் பேசுங்கள். நான் அந்தத் தாயின் வீட்டுக்கு, தாமதமானாலும், போய் வந்தேன். பையன் பாயை விரித்துப் போட்டான். அவனுடைய தகப்பனார் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்தார். புறப்படும்போது அந்தத் தாய், "சாமி வந்துட்டுப் போனதைத் தெரு பாத்துச்சு, அது போதும்" என்றாள்.

குற்றமின்றித் தீர்ப்பிடப்பட்ட நமது ஆண்டவர், நம்முடைய நாவைக் காத்தருள்வாராக.

உங்கள் பங்குச் சுவாமி